யார் கையில் ஊறியது?

ஆடி மாதத்தில் கல்வராயன் மலையடிவாரத்து மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்து ஊர்களில் அம்மனுக்கு ஊற்றும் கூழ் பெரும்பாலும் கேழ்வரகுக் கூழ்தான். முதல் நாள் இரவே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யரிசி வெந்த கஞ்சியில் ஊற்றிக் கிளறி இறக்குவார்கள். இதே கேழ்வரகை சிக்கிம் மலைகளில் லிம்பு மக்கள் வேகவைத்து ஆறவிட்டு, 'மார்ச்சா' என்னும் வெள்ளை மாவுக்கட்டியைப் பொடித்துத் தூவி, பல நாள் மூடி வைக்கிறார்கள். பிறகு அதன்மேல் வெந்நீர் ஊற்றி மூங்கில் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். 'தோங்பா' என்று பெயர் பெற்ற தானிய பீர் அது. உகாண்டாவின் தேசோ பகுதியிலும் முளைகட்டிய கேழ்வரகு பானையில் பீராகிறது. பெரியவர்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீண்ட குழல்களால் பகிர்ந்து குடிப்பார்கள்.

தானியம் மூன்று இடத்திலும் ஒன்றேதான். ஓரிடத்தில் அது குழந்தைக்கும் கொடுக்கும் உணவாகிறது, மற்ற இரண்டில் மதுவாகிறது. இந்த வேறுபாட்டைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். எந்த நுண்ணுயிர் வாழும், எது சாகும் என்பதைத் தீர்மானிப்பதோ ஊறவைக்கும் மனிதரின் கையும் பழக்கமும். வீட்டில் ஊறவைத்தவர்கள் எத்தனை வகையினரோ அத்தனை வகை ஈஸ்ட்டும் பூஞ்சணமும் பாக்டீரியாவும் உலகில் பிழைத்திருந்தன. அந்தக் கைகள் ஒரே வகையாகச் சுருங்கியபோது நுண்ணுயிர்களும் சுருங்கின. பீரின் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால், கல்வராயன் மலையடிவாரத்துக் கூழ்ப்பானைக்கும் அதில் ஓர் இடம் உண்டு என்பது புரியும்.

மாவுச்சத்தின் பூட்டு

மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் படிக வடிவில் எடுத்த பிறகு கறுத்த, பிசுபிசுப்பான கழிவுப்பாகு மிஞ்சும். ஆலைக்காரர்கள் மொலாசஸ் என்பார்கள். ஈஸ்ட்டுக்கு இது நேரடி உணவு. நீர் சேர்த்து ஈஸ்ட்டை விட்டால், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். 100 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 51 கிராம் எத்தனாலும் 49 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும் என்பது வேதியியல் கணக்கு. உயிருள்ள ஈஸ்ட் தன் வளர்ச்சிக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் இதைவிடக் குறையும்.

தானியத்தில் இருப்பது சர்க்கரை இல்லை, மாவுச்சத்து. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருக்கும் பொருள் அது. பீர் ஈஸ்ட்டால் அந்தச் சங்கிலியை அறுக்க முடியாது. மாவுப்பானைக்குள் ஈஸ்ட்டை விட்டால், பூட்டிய களஞ்சியத்துக்கு வெளியே நிற்கும் எலியைப்போல அது பட்டினி கிடக்கும். களஞ்சியத்தைத் திறக்க அமைலேஸ் என்னும் நொதி வேண்டும். மனிதர்கள் அதை மூன்று இடங்களில் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது, நம் வாய். உமிழ்நீரில் அமைலேஸ் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பெண்கள் மக்காச்சோள மாவை மென்று உருட்டிக் காயவைத்து 'சிச்சா' என்னும் பானத்தை ஊறவைத்தார்கள். இரண்டாவது, முளை. விதை முளைக்கும்போது தன் குருத்துக்கு உணவூட்டத் தானே அமைலேஸைச் சுரக்கிறது. ஐரோப்பாவின் பார்லியும் ஆப்பிரிக்காவின் சோளமும் கேழ்வரகும் இந்த வழியில்தான் பீராகின்றன. நம் ஊரில் கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் கொடுப்பதும் இதே அறிவுதான். முளைத்த மாவின் கஞ்சி கெட்டியாகாமல் இளகி இருப்பதற்கும் இனிப்பதற்கும் அமைலேஸே காரணம். மூன்றாவது, பூஞ்சணம். சீனா தொடங்கி இமயமலை, வடகிழக்கு இந்தியா வரை ரைசோபஸ், மியூக்கோர் போன்ற பூஞ்சணங்களை மாவுக்கட்டியில் வளர்த்துக் காயவைத்துப் பாதுகாக்கிறார்கள்.

கூழ் ஏன் கள்ளாவதில்லை என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. முளைகட்டாத, பூஞ்சணம் சேர்க்காத மாவில் மாவுச்சத்தின் பூட்டு பெரும்பாலும் திறப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் சிறிதளவு சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு தின்று புளிப்பாக்கிவிடுகின்றன. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளைத் தடுக்கிறது, கேழ்வரகில் இரும்புச்சத்தைக் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலத்தையும் குறைக்கிறது.

தொண்டை நாட்டின் வீட்டு வடிப்பு

பீர் என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறோம். தமிழில் தானிய மது ஊறவைக்கும் முறை பத்துப்பாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பாணன் போகும் வழியில் இருக்கும் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது அங்கே மது ஊறும் விதத்தைச் சொல்கிறது. தீட்டாத அரிசியைக் குழையக் களியாக்கி, அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி ஆறவிட்டு, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்திருந்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைநெல் என்பது உரைகாரர்கள் சொல்லும் பொருள். பாடல் அந்தச் சேர்மானத்தைப் பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கும் அடைக்கு ஒப்பிடுகிறது.

இதை இன்றைய உயிர்வேதியியலோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. அரிசியைக் களியாக்குவதால் மாவுச்சத்தின் இறுக்கமான மணிகள் வீங்கி உடைந்து நொதிக்கு வழிவிடுகின்றன. தீட்டாத அரிசியின் தவிட்டில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய வைட்டமின்கள் உண்டு. களியை அகன்ற தட்டில் ஆற்றாமல் கொதியோடு முளையைச் சேர்த்தால் அமைலேஸ் வெந்து செயலிழந்துவிடும். இரண்டு நாள் என்பது நம் ஊர் வெப்பத்தில் தானிய பீர் பருகும் பக்குவத்துக்கு வரப் போதுமான காலம். பெயர் தெரியாத அந்த வலைச்சேரி மக்கள் வெப்பநிலையையும் நேரத்தையும் கருவியில்லாமல் அளந்திருக்கிறார்கள்.

என்னை இன்னும் வியக்கவைப்பது, அந்த ஒரே பாடலில் எத்தனை வகை மனிதர்கள் மது வடிக்கிறார்கள் என்பது. ஆநிரை கவரும் மறவர்கள் வீட்டிலேயே சமைத்த தோப்பியைக் குடிக்கிறார்கள். தோப்பி என்பது நெல்லிலிருந்து வந்த கள். வலைஞர்கள் அரிசிக் களியில் ஊறவைக்கிறார்கள். கடற்கரைப் பட்டினத்தில் கள் காய்ச்சும் பெண்கள் பாத்திரம் கழுவிய நீர் வழிந்தோடிச் சேறாகிக் கிடக்கிறது. மலைபடுகடாமைச் சேர்த்துக்கொண்டால் நான்காவது குழுவும் வருகிறது. பெருங்கௌசிகனார் பாடிய அந்த நூலின் தலைவன் நன்னனின் ஊர் செங்கம். மூங்கில்துறைப்பட்டிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டி வடமேற்கே போனால் வரும் அதே செங்கம்தான். அங்கே மலைமக்கள் தேனை ஊறவைத்து, மூங்கில் குழாயில் முதிரவிட்ட தேறலை விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். தேனில் இருப்பது சர்க்கரையே என்பதால் முளை தேவையில்லை, நீர் கலந்தாலே போதும். சாடியும் மூங்கிலும் ஒரே மாதிரி பாத்திரங்கள் இல்லை. மூங்கிலின் நார் இடுக்குகளில் முந்தைய ஊறலின் ஈஸ்ட் தங்கி அடுத்த ஊறலுக்கு வித்தாகும். நிலமும் தொழிலும் பாத்திரமும் மாற மாற, உள்ளே வாழும் உயிரும் மாறும்.

பெண்கள் காத்த உயிர்கள்

இந்தியாவில் அந்தப் பன்மை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜார்க்கண்டில் சந்தால், முண்டா பெண்கள் 'ரானு' என்னும் மாவுக்கட்டியைப் போட்டு அரிசியில் 'ஹண்டியா' ஊறவைக்கிறார்கள். வாரச்சந்தையில் அதை விற்று வரும் காசு பல வீடுகளில் அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் போகிறது. அசாமின் மிசிங் பெண்கள் நெல் உமியையும் வைக்கோலையும் எரித்த கரியைக் கலந்து கருநிற 'அபோங்' செய்கிறார்கள். திமாசா மக்களின் அரிசி மதுவான 'ஜுதிமா' 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது.

சிக்கிமின் மார்ச்சா கட்டியை நுண்ணுயிரியலாளர் ஜோதி பிரகாஷ் தமங் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். ஒரு சிறு மாவுக்கட்டிக்குள் பூஞ்சணம், ஈஸ்ட், லாக்டிக் அமில பாக்டீரியா என்று மூன்று கூட்டங்கள் இருக்கின்றன. பூஞ்சணமும் சில ஈஸ்ட்டுகளும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன, வேறு ஈஸ்ட்டுகள் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகின்றன, பாக்டீரியா புளிப்பைக் கொடுத்து வேண்டாத கிருமிகளை விலக்குகிறது. இந்தக் கட்டியைச் செய்யும் அறிவு குறிப்பிட்ட சமூகங்களின் பெண்களிடம், தாயிடமிருந்து மகளுக்கு என்று கைமாறி வந்திருக்கிறது. பழைய கட்டியின் பொடியைப் புதிய கட்டியின்மேல் தூவுவதால் உயிர்களின் வம்சமும் அறாமல் தொடர்கிறது.

கை என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். புளித்த மாவில் ரொட்டி சுடும் 15 பேரைப் பல நாடுகளிலிருந்து பெல்ஜியத்துக்கு அழைத்து, அவர்களது கைகளில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. சாதாரணமாக மனிதக் கையில் மிகக் குறைவாகக் காணப்படும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்தக் கைகளில் ஏராளமாக இருந்தன. மாவு கையை மாற்றுகிறது, கை மாவை மாற்றுகிறது. விரலால் பிழிந்த தொண்டை நாட்டுச் சாடியிலும், கையால் கரைக்கும் நம் கூழ்ப்பானையிலும் இதே கொடுக்கல் வாங்கல் நடக்காமல் இருக்க வழியில்லை.

சுருங்கிய கைகள், சுருங்கிய ஈஸ்ட்

ஐரோப்பாவிலும் பீர் முதலில் பெண்களின் வீட்டு வேலையாகவே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஊர்களில் 'ஏல்' என்னும் பீரைக் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை ஜூடித் பென்னட் என்னும் வரலாற்றாய்வாளர் ஆவணங்களிலிருந்து காட்டியிருக்கிறார். ஏல் சில நாளில் கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு தெருவிலும் யாராவது காய்ச்சியாக வேண்டும். ஹாப் பூவைச் சேர்த்ததும் பீர் நாள்கணக்கில் கெடாமல் தாங்கியது, தொலைவுக்குப் போனது. பெரிய செப்புக் கொப்பரையும் பீப்பாயும் முதலீடும் தேவைப்பட்டன. கடனும் சங்கமும் ஆண்களுக்கே எட்டியதால் 1600 வாக்கில் தொழில் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

நுண்ணுயிர்களின் பெரிய சுருக்கம் 1883-ல் தொடங்கியது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒரே ஓர் ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். ஒவ்வொரு முறையும் ஒரே சுவை, கெட்டுப்போகும் பயமில்லை. உலகத்து ஆலைகள் அந்த முறையைப் பின்பற்றின. இன்று உலகில் அதிகம் விற்கும் லாகர் பீர் ஓர் ஒட்டு ஈஸ்ட்டால் ஆவது. அதன் பெற்றோரில் ஒன்றின் காட்டு உறவு 2011-ல் அர்ஜென்டினாவின் படகோனியா காடுகளில் கிடைத்தது. 2016-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 157 ஈஸ்ட்டுகளின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, ஆலை ஈஸ்ட்டுகள் வெகுசில முன்னோர்களிலிருந்து கிளைத்தவை என்பதும், பீர் ஈஸ்ட்டுகள் பல பாலினப் பெருக்கத்துக்கான திறனையே இழந்துவிட்டன என்பதும் தெரிந்தன. மனிதன் ஊட்டாவிட்டால் காட்டில் பிழைக்கத் தெரியாத உயிர்களாக அவை மாறியிருந்தன.

இதற்கு நேர் எதிரான சான்று நார்வேயில் இருக்கிறது. அதன் மேற்குக் கரைப் பண்ணை வீடுகள் 'க்வெய்க்' என்னும் ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாக மரவளையங்களிலும் துணியிலும் காயவைத்துக் காத்து வந்தன. 2018-ல் வெளியான ஆய்வு இவை தனி மரபுக்கூட்டம் என்று கண்டது. 20 பாகை அளவில் வேலை செய்யும் ஆலை ஈஸ்ட்டுகள் தவிக்கும் 35 முதல் 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இவை சுறுசுறுப்பாக நொதிக்கின்றன. குளிர்நாட்டுப் பண்ணை வீட்டில் வெப்பம் தாங்கும் உயிர் பிழைத்ததற்குக் காரணம், வெதுவெதுப்பான சாற்றிலேயே ஈஸ்ட்டைப் போடும் அந்த வீடுகளின் வழக்கம். ஒரு குடும்பப் பழக்கம் ஓர் உயிரினத்தின் குணத்தை வடித்திருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டு பீர் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அனுமதி பெற்றது. ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் 200 கேலன். அது பெரும்பாலும் வெள்ளையின ஆண்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது. அமெரிக்க வீட்டு பீர் வடிப்போர் சங்கம் 2013-ல் எடுத்த கணக்கில் சராசரி வயது 40. பத்தில் ஏழு பேர் அளவுக்குக் கல்லூரியோ அதற்கு ஒப்பான உயர்கல்வியோ படித்தவர்கள். அதே நாட்டில், முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ தோட்டத்தில் 1813 முதல் பீர் காய்ச்சியவர் பீட்டர் ஹெமிங்ஸ் என்னும் அடிமை. அப்படிப்பட்ட கைகளின் வரலாறு மறைந்துபோனதை உணர்ந்தே, நியூயார்க்கின் புகழ்பெற்ற பீர் வல்லுநர் காரெட் ஆலிவர் கறுப்பின மாணவர்கள் உள்ளிட்டோர் இத்தொழிலைக் கற்க 2020-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்.

கல்வராயனில் நடந்தது

தமிழ்நாட்டில் கதை வேறு விதமாகப் போனது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலையின் ஒரு பகுதி அந்த மாவட்டத்துக்குள் இருக்கிறது. விலக்கு பின்னால் தளர்ந்தது, திரும்பியது, மறுபடி தளர்ந்தது. வீட்டில் வடிப்பது மட்டும் இன்றுவரை குற்றமே. ஒளிந்து செய்ய வேண்டிய தொழிலில் தானியத்தை முளைகட்டிக் காயவைத்துப் பக்குவம் பார்க்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறல் போட்டுக் காய்ச்சி இறக்கும் சாராயம் எளிது. வெல்லத்தில் பூட்டே இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயம் குடித்து இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். இதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெல்ல ஊறலில் ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனால். மெத்தனால் பழத்தோலில் இருக்கும் பெக்டின் சிதைவதால் சொற்பமாக வருவது, ஊறலில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு வருவதில்லை. தொழிற்சாலைக் கரைப்பானான மெத்தனாலைச் சாராயத்தில் கலக்கும்போதும், சாராயம் என்று சொல்லி விற்கும்போதும்தான் சாவு வருகிறது. நிறத்திலும் மணத்திலும் குடிப்பவர் வேறுபாடு காண முடியாது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. முதலில் அடிபடுவது கண் நரம்பு. பல மணி நேரம் கழித்தே அறிகுறி தெரியும் என்பதால், பார்வை மங்கலானால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மலை என்றாலே சாராயம் என்று ஒரு சமூகத்தின்மீது முத்திரை குத்திவிட்டுப் பேசுவதில் நியாயமில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கத் தெரிந்த, தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் காவல்துறையின் கேள்விகளோடு முடிந்துவிடக் கூடாது.

மதுக்கடையோ வீட்டு வடிப்போ கேட்டு நான் இதை எழுதவில்லை. குடியால் அழிந்த குடும்பங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஏராளம். நான் கேட்பது நொதித்தல் அறிவைக் காப்பாற்ற வேண்டும் என்பதே. அது மதுவுக்கு மட்டும் உரியதில்லை. கல்வராயன் வீடுகளில் புளிக்கும் கூழில், சாமைச் சோற்று நீராகாரத்தில், யார் யார் கையில் எந்தெந்த உயிர்கள் வாழ்கின்றன? ஒரு கிழவியின் பானையும் அவர் மருமகளின் பானையும் ஒன்றா? மண்பானையை விட்டு எவர்சில்வருக்கு மாறிய வீட்டில் எது மறைந்தது? நொதித்தல் ஆய்வு நடக்கும் வேறு ஊர்களில் கேட்கும் கேள்விகள் இவை.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் நுண்ணுயிர்களையும் அவற்றைச் சார்ந்த மரபறிவையும் உள்ளடக்கியது. ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அந்தப் பதிவேடுகளில் மரமும் மீனும் நெல் ரகமும் ஏறுகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலும் புளிப்புப் பானைகளும் ஏற வேண்டும். எந்தத் தானியம், எந்தப் பாத்திரம், எத்தனை இரவு, யாரிடம் கற்றது என்று எழுத வேண்டும். மாதிரியை எடுத்துச் சென்று ஆய்வகத்தில் உறையவைத்துச் சேமிக்க வேண்டும். நாளை அந்த உயிரிலிருந்து மருந்தோ உணவோ வந்தால் பங்கு கேட்கும் உரிமை அந்த ஊருக்கு இருக்க வேண்டுமானால், அதைக் காத்துவந்த பெண்ணின் பெயர் அந்தப் பக்கத்தில் முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.